கடைசிப் பக்கத்தில் இறால் மீசை

மேரி: ...அப்ப அதுவா நடந்து வந்து உள்ள பூந்துக்கிச்சா?

ரத்னா: எத சொல்ற யக்கா?

மேரி: இந்த இறா மீசை. புக்கோட கடைசிப் பக்கத்துல ஒட்டிக்கினு கீது பாரு.

ரத்னா: கதை கேக்க வந்திருக்கும்.

மேரி: சிரிக்காத ரத்னா. துணியில சுத்தி என் பையில வச்சிட்டுத்தான் உன்னோட டீ குடிக்க வந்தேன். திரும்பி வந்து பாத்தா தலைகீழா கீது. யாரு எடுத்தது?

ரத்னா: நான் உன்கூடத்தான டீக்கடையில இருந்தேன்.

மேரி: நேத்தும் இப்படித்தான் தலைகீழா கெடந்துச்சு. நேத்து நீ டீக்கு வரலியே. வயித்து வலின்ன.

ரத்னா: ஐய, வயித்து வலிக்காரி புக்கை எடுத்து இன்னா பண்ணுவா? நான் அஞ்சாங்கிளாசு. ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு பொழுது ஆவும்.

மேரி: செங்கம்மா, நீ எழுந்திரிக்கவே இல்லியே. டீ வாணாம்னுட்டு இந்த இறா கொட்டாயிலதான குந்திக்கினு இருந்த. யாராவது வந்தாங்களா?

செங்கம்மா: நான் பாக்க யாரும் வரல.

மேரி: மேஸ்திரி?

செங்கம்மா: ஆதிநாராயணனா? அவரு ஐஸு வண்டியாண்ட நின்னுக்கினு இருந்தாரு.

ரத்னா: என்னைக் கேட்ட, மேஸ்திரியக் கேட்ட. செங்கம்மாக்காவ மட்டும் கேக்க மாட்டியா?

மேரி: அவள இன்னா கேக்கறது? ஆஜர் புக்குல கைநாட்டு வைக்கிறவ.

செங்கம்மா: ஆமா. எனக்கு புக்கு இன்னாத்துக்கு.

மேரி: டீச்சரம்மா மோந்து பாப்பாங்கம்மே. புக்கு குடுக்கும்போதே சொன்னாங்க. "மேரி, எங்க வீட்டுல மீன் வாசனை ஆகாது. புக்குல வாசனை வந்தா அதோட சரி"ன்னு. வாராவாரம் பத்திரிகையில வர்ற தொடரை ஒண்ணொண்ணா கிழிச்சு சேத்து வச்சு, அவங்க ஊட்டுக்காரரு பட்டணத்துல குடுத்து பைண்டு பண்ணிக்கினு வர்றாரு. இது அம்பத்திரண்டு வாரம். ஒரு வாரம் தப்பல. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இன்னும் எட்டு புக்கு கீது, கண்ணாடி அலமாரியில.

ரத்னா: எட்டும் பொம்பளைங்க கதையா?

மேரி: நடுவுல பொம்பளை இல்லாத கதைய அவங்க கிழிக்கறதே இல்லியாம். அதெல்லாம் வெந்நி அடுப்புக்குப் பூடும்.

ரத்னா: எனக்கு அந்த ராணிங்க சரித்திரம்தான் புடிச்சது. கோட்டை, கத்தி, குதிரை...

மேரி: ராணி குதிரை மேல ஏறும்போது நீ நாலு இறாவ தலையோட தட்டுல போட்ட. மேஸ்திரி இன்னும் அத்த சொல்லிக் காட்டறாரு.

ரத்னா: அவ அப்படி ஏறினா யக்கா! கை நின்னுப்பூடுச்சு. ஆனா ஒண்ணு பாத்தியா? சரித்திரத்துல வர்றவங்க சண்டை போட்டு செத்துப் பூடறாங்க. கதையில வர்றவங்க ஒருத்தியும் சாவல. எவ்ளோ கஷ்டம் வந்தாலும் கடைசியில எப்படியோ தப்பிச்சுக்கறாங்க.

செங்கம்மா: ஆமா. ஒருத்தியும் சாவல.

மேரி: கம்முனு உரிங்க.

ரத்னா: பள்ளிப்பட்டுலருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அந்த அம்மா இன்னா கேட்டுச்சு தெரியுமா? "உங்க பொண்ணு இறா கொட்டாயில கதைப் புக்கு கேக்குதாமே"ன்னுச்சு. எங்கம்மா இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுது.

மேரி: நீ இன்னா சொன்ன?

ரத்னா: ராணி கதை வரைக்கும் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். எங்கம்மா தொடையில கிள்ளுச்சு.

செங்கம்மா: மேரி... இன்னிக்கிக் கடைசி அத்தியாயம்தான?

மேரி: ஆமா.

செங்கம்மா: முடிச்சுடு. நாளான்னிக்கு ஞாயித்துக்கிழமை.

ரத்னா: யக்கா, உன் ஊட்டுக்காரரு நெசமாவே வர்றாரா?

செங்கம்மா: மச்சாண்டார் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு.

ரத்னா: தேசப்பன்தான உன் மச்சாண்டார்? அவரே வந்தாரா?

செங்கம்மா: வாசல்லயே நின்னாரு. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் தம்பிய இட்டாறேன். வாசல் தெளிச்சு வை. சொம்புல தண்ணி மொண்டு கால்ல ஊத்து. குப்பம் பாக்கட்டும். அதோட எல்லாம் சரியாப்பூடும்"ன்னாரு.

ரத்னா: கால்ல தண்ணி ஊத்தினா சரியாப்பூடுமா?

மேரி: இவங்க குப்பத்துல அதுதான் வழக்கம். ஊர் வுட்டுப் போன ஆம்பளை திரும்பி வந்தா, பொஞ்சாதி வாசல்ல கால்ல தண்ணி ஊத்தணும். ஊத்திட்டா ஏத்துக்கினான்னு அர்த்தம். அப்பால போன்னு சொல்ல வாய் கிடையாது.

ரத்னா: ஊத்தலன்னா?

செங்கம்மா: இதுவரைக்கும் எவளும் ஊத்தாம இருந்தது இல்ல.

ரத்னா: ஆறு வருசமா வைசாக்ல இன்னா பண்ணாராம் லோகநாதன் மாமா?

செங்கம்மா: மீன் புடிக்கிற போட்டு வேலை.

ரத்னா: போட்டு வேலை மட்டுமா?

மேரி: ரத்னா.

செங்கம்மா: கேக்கட்டும் வுடு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. அங்க ஒரு குடித்தனம் வச்சிருந்தாரு. இப்ப அந்தம்மா வாணாம்னு அனுப்பிட்டாளாம். அறுபத்தேழு எலெக்சன் அப்ப போனவரு. ஒரு காயிதம் இல்ல. கன்னியம்மா அப்ப தவழ்ந்துக்கினு இருந்தா. இப்ப ரெண்டாங்கிளாசு. நேத்து சோறு தின்னும்போது கேக்கறா... "ம்மா, அவர நான் இன்னான்னு கூப்புடணும்?"

ரத்னா: நீ இன்னா சொன்ன?

செங்கம்மா: கம்முனு தின்னுன்னேன்.

மேரி: உன் மனசுல இன்னா கீது?

செங்கம்மா: தெரியல மேரி. காலையில ஊத்திடலாம்னு தோணுது. கன்னியம்மாவுக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கட்டுமேன்னு. மத்தியானம் ஆனா கூரையப் பாக்கறேன். அந்த ஓலை ஒவ்வொண்ணும் நான் இறா உரிச்சு வாங்கிப் போட்டது. அதுக்குக் கீழ இவரு கால நீட்டிக்கினு படுப்பாருன்னு நினைச்சா சொம்ப ஏரியில வீசிடலாம்னு இருக்குது... அதான், கதையில அந்த நீலா இன்னா பண்றான்னு கேட்டுட்டு...

ரத்னா: ஐயய்ய, கதையக் கேட்டா முடிவு பண்ணுவ?

செங்கம்மா: வேற யாரக் கேக்கறது? மாமியாரக் கேட்டேன், ஊத்துன்னா. எங்கண்ணனக் கேட்டேன், ஊத்துன்னான். நாட்டாமையக் கேட்டேன், கேக்கறதே தப்புன்னாரு. இந்த நீலா ஒருத்திதான் இன்னும் வாயத் தொறக்கல.

ரத்னா: போன தபா எங்க நிறுத்தின? அவன் வாசல்ல பொட்டியோட நிக்கிறான்.

மேரி: நிக்கிறான். பன்னண்டு வருசம் ரங்கூன்ல இருந்துட்டு, ஒரு தகரப் பொட்டியோட. நீலாயதாட்சி உள்ள கூடத்துல தெருப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கினு கீறா. அவன் போனதுக்கு அப்பால அவளா ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். அங்கதான் வுட்டேன்.

ரத்னா: அப்படியே நம்ம செங்கம்மாக்கா கதைதான். என்ன, அங்க புள்ளைங்க, இங்க இறா.

மேரி: உன் வாய்க்கு ஐஸு வைக்கணும். நகரு, நான் இப்படி செங்கம்மா பக்கத்துல குந்திக்கறேன். இங்க வெளிச்சம் நல்லா கீது.

செங்கம்மா: அங்க வாணாம் மேரி. எதிர்ல குந்து.

மேரி: ஏன்?

செங்கம்மா: பக்கத்துல குந்தினா எனக்குக் கேக்காது.

ரத்னா: பக்கத்துல இருந்தாதான்க்கா நல்லா கேக்கும்!

செங்கம்மா: எனக்கு எதிர்ல இருந்தாதான் கேக்கும். எப்பவும் போல குந்தேன்.

மேரி: சரி சரி, வந்துட்டேன். என் கூடை?

ரத்னா: பாதி எனக்கு, பாதி செங்கம்மாக்காவுக்கு. படிக்கிறவ கை ஈரமாவக் கூடாது, அவ கூடைய கேக்கறவங்க உரிக்கணும். ரெண்டு வருசமா இதே சட்டம். இன்னிக்கி உன் கூடையில எல்லாம் பொடி இறாக்கா. ஒரு அத்தியாயத்துக்கு இவ்ளோ பொடி இறா அநியாயம்.

மேரி: நானா புடிச்சுக்கினு வந்தேன்? ஏரிய கேளு.

ரத்னா: உனக்கு இன்னா, ஒரு வெரலுக்குத்தான் வேலை. எறும்பு மாதிரி வரி மேல ஊந்துக்கினே போவும்.

மேரி: வெரலு வைக்காட்டி எனக்கு வரி மாறிப்பூடும். எட்டாவதோட நின்னவம்மே நானு. கேளுங்க... "நீலாயதாட்சியின் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி அந்தரத்தில் நின்றது. கரும்பலகையில் பாதி எழுதிய சொல் அவளையே பார்த்தது. பதினான்கு குழந்தைகளும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நின்றவனின் காதோரம் நரைத்திருந்தது."

ரத்னா: நரைச்சிடுச்சா. நல்லா வேணும்.

மேரி: "'நீலா' என்றான் அவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குரலில் அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல ஒலித்தது. அவள் நெஞ்சில் ஆயிரம் கேள்விகள் அலைமோதின. ஒன்றுகூட உதட்டுக்கு வரவில்லை."

ரத்னா: கேளேன்டி. எங்க போனன்னு கேளேன்.

செங்கம்மா: வராதுடி. அந்த நேரத்துல வராது.

மேரி: "அடுக்களையிலிருந்து அத்தை விரைந்து வந்தாள். 'என்னடி மரம்போல் நிற்கிறாய்? என் பிள்ளை வந்துவிட்டான். சொம்பை எடுத்து வா. காலில் நீர் வார்' என்றாள். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. நீலாயதாட்சி சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். பித்தளைச் சொம்பை எடுத்துக் குடத்து நீரை மொண்டாள். வளையல்கள் குடத்தின் விளிம்பில் பட்டுச் சிணுங்கின. நிறைந்த சொம்போடு அவள் வாசலுக்கு வந்தாள்..."

ரத்னா: வந்துட்டா...

செங்கம்மா: படி.

மேரி: "...வாசலுக்கு வந்தாள்..."

ரத்னா: அத்த படிச்சிட்டியே.

மேரி: இரு. தொண்டை காஞ்சிப்பூச்சு.

ரத்னா: தண்ணி தரட்டா? தோ, சொம்பு கீது.

மேரி: வாணாம்.

செங்கம்மா: படி மேரி.

மேரி: "...வந்தாள். அவன் செருப்பைக் கழற்றினான். காலை முன்னால் வைத்துக் காத்திருந்தான். அவள் குனியவில்லை."

ரத்னா: குனியலியா?

மேரி: "அவள் குனியவில்லை. சொம்பை அவன் கையில் கொடுத்தாள். 'வெயிலில் வந்திருக்கிறீர்கள். குடியுங்கள்' என்றாள்."

ரத்னா: யம்மா!

மேரி: "அவன் சொம்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தாகம் இருந்தது. குடித்தான். சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். அவள் வெறும் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 'நாலரைக்குப் பாசஞ்சர் இருக்கிறது. இப்போது நடந்தால் பிடித்துவிடலாம்' என்றாள்."

ரத்னா: அவங்க ஊர்லயும் நாலரைக்குத்தான் பாசஞ்சரா?

மேரி: இருக்கக் கூடாதா?

ரத்னா: இல்ல, தஞ்சாவூர் பக்கம்னியே. நம்ம கும்மிடிப்பூண்டி பாசஞ்சரும் நாலரைக்குத்தான், அதான் கேட்டேன்.

மேரி: எல்லா ஊர்லயும் நாலரைக்கு ஒண்ணு இருக்கும். உரி நீ.

செங்கம்மா: அத்தை இன்னா சொன்னா?

மேரி: எந்த அத்தை?

செங்கம்மா: நீலாவோட மாமியா. பக்கத்துலயே நின்னாளே.

மேரி: ஆங்... அவ... "அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீலாயதாட்சி யாருக்கும் காரணம் சொல்லவில்லை. உள்ளே வந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். பாதியில் நின்ற சொல்லை எழுதி முடித்தாள். 'படியுங்கள்' என்றாள். பதினான்கு குழந்தைகளும் படித்தார்கள்." அவ்ளோதான். முடிஞ்சிடுச்சு.

ரத்னா: முடிஞ்சிடுச்சா? அவன் போனானா?

மேரி: போனான்.

ரத்னா: புக்குல போட்டுக்கீதா?

மேரி: போட்டுக்கீது, போட்டுக்கீது.

ரத்னா: சோக்கா கீதுக்கா! எழுதினவரு ஆம்பளையா பொம்பளையா?

மேரி: ஆம்பளை பேருதான் போட்டுக்கீது.

ரத்னா: ஆம்பளைக்கு இது எப்படித் தெரிஞ்சுது? குடிக்கக் குடுத்தாளாமே... தண்ணியும் குடுத்த மாதிரி ஆச்சு, கால்ல ஊத்தாத மாதிரியும் ஆச்சு.

மேரி: மேஸ்திரி கத்தறாரு, காதுல வுழுதா? உரிச்சத எடுத்துக்கினு ஐஸுக்குப் போ.

ரத்னா: போறேன். நான் இல்லாதப்ப ரெண்டு பேரும் புது புக்கு ஆரம்பிச்சுடாதீங்க. செங்கம்மாக்கா, கேட்டுக்கினல்ல? குடிக்கக் குடுத்தா!

செங்கம்மா: கேட்டேன், கேட்டேன். தட்டப் பாத்து தூக்கு.

மேரி: ...இன்னா அப்படிப் பாக்கற?

செங்கம்மா: ஒண்ணுமில்ல.

மேரி: சொல்லு.

செங்கம்மா: உன் வெரலு நின்னுபோச்சு மேரி.

மேரி: எப்ப?

செங்கம்மா: அவ சொம்போட வாசலுக்கு வந்தாளே, அங்க நின்னுச்சு. அதுக்கு அப்பால வாய் மட்டும்தான் போச்சு.

மேரி: கண்ணால படிச்சேன்.

செங்கம்மா: பக்கத்தையும் திருப்பல. திருப்பினா அங்க படம் கீது. அவ குனிஞ்சிக்கினு கீறா. தலைமுடி அவன் கால் மேல வுழுந்து கீது.

மேரி: அடிப்பாவி. அப்ப இந்த மீசை உன்னுதா?

செங்கம்மா: கையில ஒட்டிக்கினு இருந்திருக்கும். புடவையில ரெண்டு தபா தொடச்சுக்கினுதான் எடுத்தேன்.

மேரி: என்கிட்ட கேட்டா நான் படம் காட்ட மாட்டேனா?

செங்கம்மா: படம் மட்டும் பாக்கல.

மேரி: வேற இன்னா பாத்த?

செங்கம்மா: "அவள் கண்ணீரும் சொம்பு நீரும் ஒன்றாகக் கலந்து அவன் பாதங்களை நனைத்தன. மறுநாள் கரும்பலகை பரண் மேல் ஏறியது." இதான கடைசி வரி?

மேரி: ...செங்கம்மா.

செங்கம்மா: "பரண்"ங்கறதுதான் புரியல. அப்பால யோசிச்சு கண்டுபுடிச்சேன்.

மேரி: யாரு படிச்சுக் காட்டினது?

செங்கம்மா: யாருமில்ல.

மேரி: நீ கைநாட்டு.

செங்கம்மா: இப்பவும் கைநாட்டுதான். எழுத வராது.

மேரி: யாருகிட்ட கத்துக்கின? கன்னியம்மாகிட்டயா? எப்ப?

செங்கம்மா: அத்த அப்பால சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. ஏன் மாத்தின?

மேரி: நீ ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிக்கினு எதிர்ல குந்தியிருக்க. இந்தப் பக்கம் அவ கண்ணீர் வுட்டு கால் கழுவறா. நான் எப்படிம்மே படிப்பேன்?

செங்கம்மா: இது ஒண்ணுதானா?

மேரி: இன்னா ஒண்ணுதானா?

செங்கம்மா: முன்ன படிச்சியே, அந்த டாக்டரம்மா கதை. புக்குல கெணத்துல வுழுந்துட்டா. நீ ரயிலேத்தி அனுப்பிட்ட. தையல்காரி அன்னபூரணி. புக்குல அவளுக்கு காசநோய். நீ புது மெசினு வாங்கிக் குடுத்துட்ட.

மேரி: எல்லாத்தையும் படிச்சியா?

செங்கம்மா: எல்லா புக்குலயும் கடைசி நாலு பக்கம். அதுக்கே எனக்கு ஒரு வாரத்து டீ நேரம் ஆவும். இல்லாட்டி நான் ஏன் டீ வாணாம்ன்றேன்?

மேரி: நான் உனக்கு டீ ஆவாதுன்னு நினைச்சுக்கினு இருந்தேன்... டாக்டரம்மாதான் மொத. அன்னிக்கி குப்பம்மா நம்ம வரிசையில குந்தியிருந்தா, ஞாபகம் கீதா? அவ பொண்ண கெணத்துலருந்து எடுத்து ஒரு மாசம்கூட ஆவல. கதை கேட்டா மனசு மாறும்னு நீங்கதான் இட்டுக்கினு வந்தீங்க. புக்குல பாத்தா, கெணறு. எழுத்து கண்ணுக்கு முன்னாடி கீது. வாயில ரயிலு வந்துச்சு.

செங்கம்மா: அந்த ரயில்ல அவ ஏறினப்ப குப்பம்மா சிரிச்சா.

மேரி: சிரிச்சா. அதுக்கு அப்பால என்னால வுட முடியல. தப்புதான். ஒருத்தர் ராப்பகலா குந்தி எழுதினது.

செங்கம்மா: ராணிங்க புக்குல மட்டும் ஒரு வரிகூட மாத்தல நீ. அத்தயும் பாத்தேன். செத்தவள செத்தான்னுதான் படிச்ச.

மேரி: அது நடந்ததும்மே. நடந்தத மாத்தக் கூடாது.

செங்கம்மா: நடக்காதத?

மேரி: ...நடக்காதத மாத்தலாம்.

செங்கம்மா: ம்.

மேரி: ஏன் இத்தினி நாளா சொல்லல? படிக்கத் தெரியும்னு ஒரு வார்த்தை...

செங்கம்மா: சொன்னா நீ மாத்தறத நிறுத்திடுவ.

மேரி: சரி, இது? நீலா காலக் கழுவிட்டான்னு உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. அப்பறம் ஏன் முடிச்சுடு முடிச்சுடுன்ன?

செங்கம்மா: மாமியாரக் கேட்டேன், அண்ணனக் கேட்டேன், நாட்டாமையக் கேட்டேன். உன்னக் கேக்கல.

மேரி: கேட்டிருக்கலாமே.

செங்கம்மா: நேராக் கேட்டா நீ சொல்ல மாட்ட. உன் இஷ்டம் செங்கம்மான்னுடுவ. கதையிலதான் உனக்கு நெசம் வரும்.

மேரி: பாரு, அது நான் வுட்ட கதை. வாய்க்கு வந்தத சொன்னேன். அத்த நம்பி நீ...

செங்கம்மா: புக்குல கீறதும் ஒருத்தரு வுட்ட கதைதான? ரெண்டயும் கேட்டுட்டேன். எனக்கு உன்னுதுதான் புடிச்சிக்கீது.

மேரி: மச்சாண்டார் சும்மா இருப்பாரா?

செங்கம்மா: கத்துவாரு. அவரு ஊட்ல ரெண்டு ரூமு கீது. தம்பிய வச்சிக்கட்டும். கன்னியம்மாவப் பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போட்டும். அவ எப்படிக் கூப்புடறாளோ அப்படிக் கூப்புடட்டும். வாசலுக்கு வர்றவருக்குக் குடிக்கத் தண்ணி குடுப்பேன். அதுக்கு மேல அந்தச் சொம்புல ஒண்ணுமில்ல.

மேரி: நான் வரட்டா ஞாயித்துக்கிழமை? கோயில் பூசை முடிஞ்சதும் வந்துடறேன்.

செங்கம்மா: வா. மூலையில குந்திக்கினு இரு. ஒண்ணும் பேச வாணாம். எனக்குத் தொண்டை காஞ்சிப்பூச்சுன்னா மட்டும் அடுத்த வரிய எடுத்துக் குடு.

மேரி: போம்மே... சரி, இப்பவாவது சொல்லு. யாருகிட்ட படிச்ச?

செங்கம்மா: உன்கிட்டதான்.

மேரி: நான் எப்ப சொல்லிக் குடுத்தேன்?

செங்கம்மா: ரெண்டு வருசமா. உன் வெரலு எந்த எழுத்து மேல போவுது, வாய் இன்னா சொல்லுதுன்னு பாத்துக்கினே இருந்தேன். மொதல்ல "அம்மா" புரிஞ்சுது. அப்பால "வந்தாள்". கதையில எப்பப் பாத்தாலும் எவளாவது வந்துக்கினே இருப்பா. அதுலருந்து ஒண்ணொண்ணா...

மேரி: அடியம்மா! ரத்னா வரட்டும், அவ தட்டையே கீழ போட்டுடுவா. திங்கக்கிழமை புது புக்கு எடுத்தாறேன். நீ படி, உன் கூடைய நான் உரிக்கறேன். தோ, இப்பவே ஒரு வரி படிச்சுக் காட்டு. கையத் தொடச்சுக்கோ. இந்தா, புடி.

செங்கம்மா: இப்படி நேராக் குடுத்தா எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது மேரி. நான் எதிர்ல குந்திக் கத்துக்கினவ... தலைகீழாக் குடு.